மீசைப் பந்தயமும் மூன்று கல்குதிரைகளும்

என் அன்பு மைத்துனனுக்கு, கடல் கடந்து வந்திருக்கும் உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும், மகளும் மருமகனும் சௌக்கியம். அங்கே நீயும், முக்கியமாக உன் மீசையும் சௌக்கியந்தானே? அதைக் கடைசியாக ஒருமுறை முறுக்கிவிட்டுக்கொண்டு மேலே படி.

விமான நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "அத்தான், அந்த ஊர்ல ஒரு நாள் தனியா சுத்திட்டு, யார்கிட்டயும் வழி கேக்காம வீடு திரும்பிட்டீங்கன்னா என் மீசையை எடுத்துடறேன். முடியலைன்னா உங்க மீசை!" முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்தவனிடம், வரப்பைப் பார்த்தே வடக்கு எதுவென்று சொல்பவனிடம், இந்தப் பேச்சு! இன்று ஜெயித்துவிட்டேன்.

காலையில் மகள் நீட்டிய வரைபடத்தைத் தொடாமல், கைப்பேசியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். அடேயப்பா, என்ன ஊர், என்ன ஜனம்! நடைபாதைக்கே பியானோவை இழுத்துவந்து ஒருத்தன் வாசிக்கிறான், நாய்க்குக்கூடக் கோட்டு போட்டிருக்கிறார்கள், எல்லோரும் பந்திக்குப் பிந்தியவர்கள்போல ஓடுகிறார்கள், நானும் அந்த ஓட்டத்தில் கலந்து கடைத்தெரு, ஆற்றுப்பாலம், பழைய புத்தகச் சந்தை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாற்சந்தி, நடுவில் ஒரு நீரூற்று, அதில் வாயால் தண்ணீர் துப்பும் கல்குதிரை. அரைமணி நடந்தால் இன்னொரு கல்குதிரை. மேலும் அரைமணி நடந்தால் மூன்றாவது! நகராட்சிக்கு அப்படி என்ன குதிரை மோகமோ. மூன்றுக்கும் பக்கத்தில் ஒரே சாயலில் பலூன்காரர்கள் வேறு. அண்ணன் தம்பிகளாக இருக்கும். அங்கே நின்று வெயிலைப் பார்த்துத் திசையைக் கணிக்கையில் ஒரு போலீஸ்காரர் தாமாகவே வந்து சல்யூட் அடித்து, இடதுபக்கம் கை காட்டினார். நான் கேட்கவில்லை, குறித்துக்கொள். என் முகக்களை அப்படி. டிராம் ஓட்டுநரும் எனக்காக வண்டியை நிறுத்திவைத்திருந்து, நம் கட்டடத்துக்கு எதிரிலேயே மணியடித்து இறங்கச் சொன்னார். வெளிநாட்டானுக்குத் தெரிகிறது என் தரம், உனக்குத்தான் தெரியவில்லை.

லிஃப்டைச் சீண்டவில்லை, நாலு மாடியும் படியேறினேன். உன் அக்கா கதவைத் திறந்தாள். காலில் செருப்பு, முகமெல்லாம் வியர்வை, மூச்சு வாங்குகிறது. நான் ஜெயித்து வந்த பூரிப்பு, பாவம். "வந்துட்டீங்களா?" என்றாள்.

ஆகவே உடனே சலூனுக்குப் போய்விட்டுப் புகைப்படம் அனுப்பு. வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். உன் மீசைக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
வழி கேளாத உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "மூணு குதிரை இல்லைங்க, ஒண்ணுதான். அதையே மூணு தடவை சுத்தினீங்க. நான் இருபதடி பின்னாலயே வந்தேன். போலீஸ்காரரை அனுப்பினது நான், டிராம்காரர்கிட்ட விலாசச் சீட்டைக் காட்டிட்டுப் பின்கதவால ஏறினதும் நான், லிஃப்ட்ல முந்தி வந்ததும் நான்" என்றாள். "என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன். "கூப்பிட்டா மீசை போயிடும். விட்டா நீங்களே போயிடுவீங்க. பயந்து செத்தேன். உங்களைத் தொலைச்சிட்டு இந்த ஊர்ல நான் யார்கிட்டங்க போய் நிப்பேன்?" என்று சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் பந்தயம் பந்தயம். உன் மீசையை நீயே வைத்துக்கொள்; என்னுடையதை இப்போதுதான் எடுத்துவிட்டு வந்தேன். ஒரு லாபம், இனி நான் எங்கே குப்புற விழுந்தாலும் மண் ஒட்ட இடமில்லை.