ஏரோது ராஜா எண்ணூருக்குப் போன விருத்தாந்தம்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
1934 செப்டம்பர் 9

ரங்கூன் பட்டணத்தில் மரக்கிடங்கு மேஸ்திரியாக உத்தியோகம் வகிக்கும் என் பிரியமுள்ள மச்சான் லியோனார்டுக்கு, உன் அக்காள் புருஷன் அம்புரோஸ் எழுதிக்கொண்டது. தேவமாதாவின் தயவால் நானும், உன் அக்காள் ஃப்ளோராவும், குழந்தை ரோசியும் இருமல் தும்மல் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அவ்விடம் உனக்கு அந்த இருமல் தும்மலும் இல்லாதிருக்க மன்றாடுகிறோம்.

நீ அனுப்பின போட்டோப் பெட்டியும் எட்டுப் படம் எடுக்கும் பிலிம் சுருளும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. ஹார்பரில் பதினோரு வருஷமாய் எவனெவன் பெட்டிக்கோ நம்பர் பார்த்து டாலிக் கணக்குப் போட்டவன் நான். என் பேர் எழுதின பெட்டி கப்பலிலிருந்து இறங்கினது இதுதான் முதல் தரம். கண் கலங்கிவிட்டது, மச்சான், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஆனால் கூட வைத்திருந்தாயே ஒரு கடிதாசி, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "எட்டு வருஷமாச்சு, ஊரே மறந்து போச்சு. குடும்பத்தோடு மோட்டாரில் எண்ணூர் முகத்துவாரம் போய், நல்ல சீனரியாகப் படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிறிஸ்துமஸுக்கு வருவதா, இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிடுவதா என்று முடிவு செய்வேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த உன் அக்காள், "படம் மட்டும் நல்லா வரலன்னா என் தம்பி அங்கியே பூடுவான். அப்பறம் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் என்பது உனக்கே தெரியும்.

ஆகையால் பதினைந்து நாள் உட்கார்ந்து பிளான் பண்ணினேன். டாலி காயிதத்தின் பின்பக்கத்தில் தண்டையார்பேட்டை, திருவொத்தியூர், எண்ணூர் என்று கோடு இழுத்து, வெயில் எந்தப் பக்கம் விழும், ரோசிக்கு எந்த இடத்தில் வாந்தி வரும் என்றெல்லாம் புள்ளி வைத்தேன். வாடகை மோட்டாருக்கு நம்ம கோதண்டத்தைப் பேசியாச்சு. எல்லாம் ஆச்சு, சீனரிக்கு, அதான் ஸ்டூடியோவில் பின்னால் தொங்கவிடுகிற படுதாவுக்கு, எங்கே போறது? நீ அந்த வார்த்தையை மூன்று இடத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறாய். நேரே கோயில் பாஸ்கா நாடக வாத்தியார் சிலுவைமுத்துவிடம் போனேன். "சீனரி இல்லாம எடுத்தா அது போலீஸுல எடுக்கற படம்பா" என்று அந்தப் புண்ணியவான் உடனே அறையைத் திறந்து நாடகப் படுதாவையெல்லாம் காட்டினார். கெத்சமனித் தோட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. கொல்கொத்தா மலை குடும்பப் படத்துக்கு ஆகாது. ஏரோது ராஜா தர்பார் ஒன்றுதான் புத்தம் புதுசு. தூணு, சிங்காசனம், ரெண்டு மயிலு, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பச்சப் புள்ளைங்களை வெட்டினவன் அரமனைக்கு முன்னாடி என் புள்ளைய நிக்க வெக்கறியேன்னு ஃப்ளோரா கத்தினா. ராஜாவை எழுதல, வெறும் வூட்டைத்தான் எழுதியிருக்குதுன்னு சொல்லி அடக்கினேன்.

போன ஞாயித்துக்கெழம முதல் பூசை கண்டுட்டுக் கெளம்பினோம். படுதாவைச் சுருட்டின மூங்கில் மோட்டாருக்கு முன்னால ரெண்டு முழம், பின்னால மூணு முழம் நீட்டிகினு இருந்துது. திருவொத்தியூர் தாண்டறதுக்குள்ள சனம் சூழ்ந்துகிச்சு. "இன்னா நைனா, எந்தக் கொட்டாயில நாடகம்?" நாடகம் இல்லப்பா, போட்டோன்னு நான் சொல்றேன், எவன் கேக்கறான்? "ராஜபார்ட்டு நீயா? ஒடம்பு பத்தாதே!" அப்டீன்றான் ஒருத்தன். உங்கக்காவைப் பாத்து, ஸ்திரீபார்ட்டு ஜோரா கீதுன்னான் இன்னொருத்தன். நான் சண்டைக்கு எறங்கப் பாத்தேன், அவ என்னமோ அன்னிக்குப் பூரா சிரிச்சுகினே வந்தா. இந்தக் கோதண்டம் சும்மா இருக்காம, "எண்ணூர்ல இனாம் நாடகம்"னு கூவிட்டான். நாப்பது பேரு பின்னாலயே ஓடி வரான். பேஜாரா பூட்ச்சேன்னு நெனச்சேன். ஆனா ஆண்டவர் செயலைப் பாரு, உப்பளத்தாண்ட மோட்டார் கொதிச்சு நின்னு மணல்ல பொதைஞ்சப்போ, அந்த நாப்பது பேருதான் ஏலேலோன்னு தள்ளிகினு வந்து முகத்துவாரத்துல வுட்டாங்க. அந்தத் தோஸ்துங்களுக்காக ஒரு பூசைக்கு எழுதி வெச்சிருக்கேன்.

அங்க போயி எறங்கினா, எனக்குப் பகீர்னுது. ஒரு பக்கம் காயலு, ஒரு பக்கம் கடலு, நடுவுல மொட்ட மணலு, நாலு கட்டுமரம், நாரை வேற கூட்டமா நின்னுகினு கீது. இதெல்லாம் படத்துல வுழுந்தா கலீஜாப் பூடுமே! நல்ல வேளை, படுதா கையில இருந்துது. மீன் புடிக்கறவங்க நாலு பேரு மூங்கிலைத் தூக்கிப் புடிச்சாங்க. தண்ணி ஒரு சொட்டு கூடத் தெரியாம மறைச்சுட்டு, தாயையும் மகளையும் சிங்காசனத்தாண்ட நிறுத்தி, நின்ன மாதிரி, ஒக்காந்த மாதிரி, செபமாலையோட, செபமாலை இல்லாமன்னு ஏழு படம் எடுத்தேன். எட்டாவதுக்கு முன்னால ரோசி பெட்டியைக் கேட்டு அழுதா, கொஞ்ச நேரம் குடுத்து வாங்கினேன். அப்ப அடிச்சுது பாரு கடக்காத்து! ஏரோது ராஜா தர்பாரு மயிலோட பறந்து போயி தண்ணியில வுழுந்துது. "வாத்தியாருக்கு இன்னா பதில் சொல்றது"ன்னு உங்கக்கா பின்னாலயே ஓடினா. பதட்டத்துல என் கைபட்டு விசை அழுந்தி எட்டாவது படம் வீணாப் பூட்ச்சு. கட்டுமரக்காரங்கதான் படுதாவை மீட்டுக் குடுத்தாங்க. நனைஞ்சதை சிலுவைமுத்து வாத்தியார் தானே விரிச்சுக் காயப் போட்டாரு, தங்கமான மனுஷன்.

போனால் போகட்டும், ஏழு இருக்கிறது. நாளைக் காலையில் கடைக்காரர் கழுவித் தருவார், இத்துடன் வைத்து அனுப்புகிறேன். அந்த மாதிரி சீனரி ரங்கூன் கவர்னர் வூட்டிலும் இருக்காது. பார்த்த மறுநாளே நீ கப்பல் ஏறப் போகிறாய். பெட்டி அனுப்பின உனக்கும், இத்தனை ஜனத்தின் உபகாரத்துக்கும் நாங்கள் எந்தக் கைம்மாறு செய்வோம்? சர்வேசுரன் உன் கூடவே இருந்து, உன் தலைமயிர் ஒன்றுக்கும் சேதம் வராமல் காப்பாராக. ரோசி மாமாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

உன் அத்தான்,
ம. அம்புரோஸ்

பின்குறிப்பு: கடைக்குப் போயி வந்தேன். மேலே எழுதினது எதையும் நம்பாதே. ஒவ்வொரு படத்துக்கு அப்புறமும் பிலிம் நகர பெட்டியின் சாவியைத் திருக வேணுமாம், எனக்கு எவன் சொன்னான்? ஏழு படமும் ஒரே எடத்துல ஏறி ஒக்காந்து உங்கக்காவுக்கு ஏழு தலை, மயிலுக்குக் கணக்கே இல்ல. கடைக்காரர் சிரிச்ச சிரிப்புல அங்கியே கிழிச்சுப் போட்டேன். ரோசி வெளையாட்டா சாவியைத் திருகி வெச்சிருந்ததால, கைபட்ட அந்த ஒண்ணுதான் தேறிச்சு. அதுல தூணும் இல்ல, மயிலும் இல்ல. வெறும் தண்ணி, மணலு, கட்டுமரம், எழும்பிப் பறக்கற நாரைங்க, ஒரு மூலையில முந்தானை பறக்க முதுகைக் காட்டி ஓடற உங்கக்கா. சீனரின்னு ஒரு பொட்டு கெடையாது. அனுப்ப எனக்கு வெக்கமா கீது, அவதான் ரொம்ப நேரம் அதையே பாத்துகினு இருந்துட்டு உறைக்குள்ள வெச்சா. இதைப் பாத்துட்டு வராம மட்டும் இருந்துடாதே, மச்சான்.