முதுகால் பார்த்த முதல் சீசன்

ஓர் உளவுத் தொடரின் முழு சீசனையும் முதுகாலேயே பார்த்து முடித்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் எஃப்.எம்.

அந்தப் பெயரை அவருக்கு வைத்தது யாரென்று தெரியாது. நாங்கள் அவர் வண்டியில் சேர்ந்தபோதே அவர் எஃப்.எம். ஆகத்தான் இருந்தார். சித்தூரில் வீடு, திருப்பதியில் வேலை என்று தலையில் எழுதியிருந்த மூன்று பேர் நாங்கள். வங்கி அதிகாரி சாவித்திரி மேடம், இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்தும் ரெட்டி சார், மருந்துக் கம்பெனிக் கிளையில் கணக்குப் பார்க்கும் நான். தினமும் போய்வர எஃப்.எம்.முடைய பழைய வெள்ளை வண்டியை மாத வாடகைக்குப் பேசிக்கொண்டோம். காலையில் சித்தூர் கட்டமஞ்சியில் ஏறியதும் ஒலிபரப்பு ஆரம்பமாகும். தக்காளி விலை, மாம்பூ உதிர்ந்த கதை, காணிப்பாக்கம் கோயில் கூட்டம், யார் கட்சி மாறுவார், மாறிய கட்சியிலிருந்து யார் திரும்பி வருவார். திருப்பதியில் கடைசி ஆள் இறங்கும்வரை ஓயாது. நிஜ எஃப்.எம்.மிலாவது நடுவில் பாட்டுப் போடுவார்கள்.

அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் ரெட்டி சார் தன் செல்போனில் அந்தத் தொடரைக் கொண்டுவந்தார். டில்லி உளவுத்துறை, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி, கூடவே இருந்து குழி பறிக்கும் துரோகி, எல்லாம் இருந்தது. போனை டிரைவர் சீட்டின் பின்பக்கம் கட்டித் தொங்கவிட்டோம். சத்தத்தை வண்டியின் ஸ்பீக்கரில் விட்டோம். படம் எங்களுக்கு. எஃப்.எம்.முக்கு முதுகு.

"முன்னாடி மாட்டுனா நானும் பாப்பேன் இல்ல மேடம்?" என்று கேட்டார்.

"பாப்பீங்க. அப்புறம் நம்ம நாலு பேரையும் மறுநாள் பேப்பர்ல எல்லாரும் பாப்பாங்க," என்றார் சாவித்திரி மேடம்.

வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்களேன் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாலு பேரு ஒண்ணா கேட்டுக்கினு போற கதைய நான் மட்டும் தனியா குந்திக்கினு பாக்கறதா? அந்தத் துரோகி வேலை நமக்கு வேணாம் சார்."

தொடர் இந்தி. தமிழிலும் தெலுங்கிலும் டப்பிங் இருந்தது. தமிழில்தான் வேண்டும் என்று நானும் மேடமும், தெலுங்குதான் என்று ரெட்டி சாரும் மல்லுக்கு நின்றோம். எஃப்.எம். தீர்ப்புச் சொன்னார். "காலையில போகச்சொல்ல தமிழு, சாயந்திரம் வரச்சொல்ல தெலுங்கு. அந்தே, அவ்ளோதான். இனிமே யாரும் பேசக்கூடாது." அதற்குமேல் அவர் மட்டும் பேசினார்.

இதில் ஒரு வினை இருந்தது. ஒவ்வொரு எபிசோடையும் போகும்போது பாதி, வரும்போது பாதியாகப் பார்த்தோம். காலையில் வெண்கலக் குரலில் தமிழ் பேசிய கதாநாயகன், சாயந்திரம் கீச்சுக் குரலில் தெலுங்கு பேசினான். முகம் பார்த்த எங்களுக்கு அவன் ஒருவன். முதுகால் பார்த்த எஃப்.எம்.முக்கு இரண்டு பேர்.

"அந்தக் காலை ஆளு நல்லவன் மேடம். சாயந்திரம் வர்ற ஆளுமேலதான் எனக்கு டவுட்டு. அவன் மாதிரியே நடிச்சிக்கினு உள்ள பூந்துட்டான்."

"அண்ணா, ரெண்டும் ஒரே ஆள். டப்பிங் வேற, அவ்வளவுதான்."

"உங்களையும் ஏமாத்திட்டான் பாத்தீங்களா? அவன் ஸ்பை மேடம். ஏமாத்தத்தான் செய்வான்."

கடைசிவரை அவர் கணக்கில் அந்தத் தொடருக்கு இரண்டு கதாநாயகர்கள். யோசித்துப் பார்த்தால், எங்களுடையதைவிட அவருடைய கதை இன்னும் சுவாரசியமாக இருந்திருக்கும்.

வசனம் வரும்போது அவர் காது போதும். வசனமே இல்லாமல் யாராவது மாடிப்படி ஏறினால்தான் சங்கடம். "இன்னா ஆச்சு? யாரு ஏறுறது? மூஞ்ச எப்பிடி வெச்சிக்கினு கீறான்?" என்று கத்துவார். அதற்கு வர்ணனை சொல்வது மேடத்தின் பொறுப்பாயிற்று. கிரிக்கெட் வர்ணனைகூட அத்தனை ஒழுங்காக இருக்காது. "நீலச் சட்டை. நாற்பது வயசிருக்கும். கையில பை. இப்ப திரும்பிப் பாக்கறான்." வங்கியில் ஒரு கையெழுத்து கோணலாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர் அவர். பொய் என்பது அவர் வாயில் வந்ததே இல்லை என்று அவருடைய கிளையில் சத்தியமே செய்வார்கள்.

அந்தத் தொடரில் ஒரு மந்திரி. மந்திரிக்கு ஒரு டிரைவர், கிஷன்லால். அவருக்கு மொத்த வசனமே "சரி சார்" என்பதுதான். எஃப்.எம்.முக்கு அவர்தான் தெய்வம்.

"ரகசியத்துக்காக மைக்கு வெக்கிறான், கேமரா வெக்கிறான், மடப்பசங்க. மந்திரி பொண்டாட்டியாண்ட பேசறதும் டிரைவரு காதுலதான் உழுது, திருட்டுத்தனமா பேசறதும் அவரு காதுலதான் உழுது. ஆனா சொல்ல மாட்டாரு. அதான் சார் டிரைவரு."

அப்போது அதைக் கேட்டுச் சிரித்தோம். அந்த வண்டியில்தான் மேடம், மகளின் விவாகரத்துப் பேச்சைப் போனில் அழுதுகொண்டே பேசி முடித்தார். அதே சீட்டில்தான் நான் என் தம்பியோடு சொத்துக்காகக் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டேன். எல்லாம் எஃப்.எம். காதில்தான் விழுந்தது. போனை வைத்த மறு நிமிடம் அவர் தக்காளி விலையை ஆரம்பிப்பார். ஊர் வம்பையெல்லாம் பேசிய அந்த வாயிலிருந்து எங்கள் வீட்டு வம்பு ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

ஒரு காலைப் பொழுதில் ஸ்பீக்கரில் பளார் என்று ஓர் அறை கேட்டது.

"யாருக்கு மேடம் உழுந்துது?"

"கிஷன்லாலுக்கு. கார் லேட்டா வந்துச்சுன்னு மந்திரி அடிச்சிட்டாரு," என்றார் மேடம், உள்ளது உள்ளபடி.

எஃப்.எம். ஒன்றும் சொல்லவில்லை. திருப்பதிவரை ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரமும் சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வண்டியில் எத்தனை நட்டு லூஸ் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எதிலிருந்து தப்பிக்கப் போனைக் கட்டினோமோ அது இல்லாமல் எங்களுக்கு மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் மேடம் பொறுக்கமாட்டாமல், "தக்காளி இன்னிக்கு என்ன விலைண்ணா?" என்று கேட்டார். மெதுவாகப் பதில் வந்தது. நாங்கள் மூன்று பேரும் பெருமூச்சு விட்டோம்.

ஆகவே, அடுத்த வாரம் கிஷன்லால் கொல்லப்பட்டபோது நாங்கள் மூவரும் எஃப்.எம்.முடைய முதுகைத்தான் பார்த்தோம். வசனம் கிடையாது, வெறும் வயலின். மேம்பாலத்தடியில் வண்டி நிற்கிறது. ஸ்டியரிங்மேல் தலை சாய்ந்திருக்கிறது. சட்டையில் ரத்தம்.

"இன்னா மேடம், ஒரே மியூஜிக்கா கீது? நம்மாளு எங்க?"

மேடம் எங்களைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, தன் சர்வீஸிலேயே முதல்முறையாக, வாய் கூசாமல் சொன்னார்: "வண்டிய ஓரங்கட்டிட்டு இறங்கிப் போறாருண்ணா. வேலை வேணாம்னு பஸ் ஏறிட்டாரு. சொந்த ஊருக்கு."

"சாவிய யாராண்ட குடுத்தாரு?"

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இங்கே சாவி இல்லை. மேடத்துக்கு வியர்த்தது. "மந்திரி மேஜைமேல..."

"வெச்சிட்டு வந்தாரா, வீசிட்டு வந்தாரா?"

"வீசிட்டுதாண்ணா."

"அட்ரா சக்க!" வழியிலிருந்த புத்தலப்பட்டு ஊர் முழுக்க எஃப்.எம். ஹாரன் அடித்துக்கொண்டே போனார். கல்யாண வண்டி என்று நினைத்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நாங்கள் மூவரும் உளவுத்துறையானோம். மிச்ச எபிசோடுகளில் வருகிறவன் போகிறவனெல்லாம் கிஷன்லால் கொலையைப் பற்றியே பேசித் தொலைத்தான். முந்தின நாளே வீட்டில் பார்த்து, ஆபத்தான இடங்களைக் குறித்துக்கொண்டு வந்தோம். மேடம் மூக்குக்கண்ணாடியைத் தொட்டால் ரெட்டி சார் இரும வேண்டும். முந்தானையைச் சரிசெய்தால் நான் போனில் கத்த வேண்டும். "டிரைவரைக் கொன்னது யாரு?" என்று கதாநாயகன் கர்ஜிக்கிற இடத்தில், "சரக்கு இன்னும் வரலையே!" என்று நான் அதைவிட உரக்கக் கர்ஜித்தேன். எஃப்.எம். கண்ணாடியில் பார்த்து, "சார், போன தலைகீழா புட்சிக்கினு கீறீங்க," என்றார்.

ரெட்டி சார் பாடுதான் திண்டாட்டம். பிரேதப் பரிசோதனைக் காட்சியில் அவர் இருமிய இருமலில் எஃப்.எம். வண்டியையே நிறுத்திவிட்டார். மறுநாள் பிளாஸ்க்கில் கஷாயம் வந்தது. "வூட்ல வெக்கச் சொன்னேன். குடி சார், நெஞ்சு சளி கரையும்." அதற்கடுத்த நாளும் வந்தது. "அம்மோ, சேது! சேது!" என்று ரெட்டி சார் கசப்பைத் தெலுங்கில் சொல்லி அலறுவார். குடிக்காவிட்டால் இருமல் பொய்யாகிவிடும். அதனால் குடித்தார். சீசன் முடியும்வரை குடித்தார்.

கடைசி எபிசோடில் துரோகி பிடிபட்டான், ஆட்சி பிழைத்தது. எஃப்.எம்.முக்கு அதிலெல்லாம் அக்கறையில்லை.

"ஊருக்குப் போனவரு சேதி ஒண்ணும் இல்லியா மேடம்?"

"இல்லண்ணா. அடுத்த சீசன்ல வருவாரு."

"வரட்டும். நிதானமா வரட்டும்," என்று கண்ணாடியில் மேடத்தைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த சீசன் வருவதற்குள், ஒரு திங்கட்கிழமை, அவர் வரவில்லை. போனை யாரும் எடுக்கவில்லை. குடிபாலா என்ற ஊரிலிருந்து வருகிறார் என்பதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் போன்களில்கூட அவர் பெயரை 'எஃப்.எம். வண்டி' என்றுதான் பதிந்து வைத்திருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் குடிபாலா போய் டீக்கடையில் விசாரித்தோம்.

"வெள்ளை வண்டி. திருப்பதி டிரிப் அடிப்பாரு. ஓயாமப் பேசுவாரு."

"ஓயாமப் பேசற டிரைவரா? இந்த ஊர்ல அப்பிடி யாரும் இல்லியே சார்."

ரெட்டி சார் போனிலிருந்த படத்தைக் காட்டினார். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "இவரா? இவரு வாயே தொறக்க மாட்டாரே! ஊமையன்னு கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

ஆள் மாறாட்டம் என்றே நினைத்துக்கொண்டு அவர் கைகாட்டிய வீட்டுக்குப் போனோம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் எங்கள் எஃப்.எம். உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் வாய் கோணியது, ஏதோ சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை.

"பக்கவாதம் சார்," என்றார் அவர் மனைவி. "கை கால் உழுந்தது எல்லாருக்கும் தெரிஞ்சிது. பேச்சு போனது ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல."

அப்புறம்தான் சொன்னார். எஃப்.எம். முன்பு ஒரு தலைவருக்கு வண்டி ஓட்டியிருக்கிறார். திருவிழாக் கூட்டத்துக்கு வண்டி கொஞ்சம் தாமதமாக, கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் அவர் கன்னத்தில் அறைந்திருக்கிறார் தலைவர். "ஊரே நின்னு பாத்துக்கினு இருந்துச்சு. ஏன்யா அடிக்கிறேன்னு ஒருத்தரு கேக்கல. அன்னிக்கு ஊரு பேசல. அன்னிலேர்ந்து ஊராண்ட இவரு பேசல. திருப்பதி டிரிப்பு கெடச்சப்புறம்தான், தொண்டை வலிக்குதுடின்னு சிரிச்சிக்கினே வந்து நிப்பாரு."

எங்கள் மூன்று பேர் வீட்டுக் கண்ணீரும் அந்த மனிதரிடம் பத்திரமாக இருந்தது. அவருக்கு ஒரு மகள் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அத்தனை பேசியவரிடம் தக்காளி விலையைத் தவிர யாரும் எதையும் கேட்டதில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

சாவித்திரி மேடம் அவர் எதிரில் போய் நின்றார். "அண்ணா, அந்த கிஷன்லால்... ஊருக்குப் போகலண்ணா. நான்தான்..."

எஃப்.எம். இடது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவருக்குத் தெரியும்மா," என்றார் மனைவி. "நீங்க சொன்ன அன்னிக்கே பொண்ணு போன்ல அந்த எடத்த மட்டும் பாத்துட்டாரு. 'அந்த மேடம் பொய்யே பேசாது, எனக்காவ பேசுச்சுடி'ன்னு கண்ணு கலங்குனாரு. தெரிஞ்சதா காட்டிக்கவே இல்ல." பிறகு ரெட்டி சாரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "இருமுற சாரு நீங்கதானா? தெனமும் நிலவேம்பு சேத்து நல்லா கசப்பா வையின்னுவாரு."

ரெட்டி சார் 'அம்மோ' என்றார். எஃப்.எம். பாதி வாயால் சிரித்தார்.

இப்போது இரண்டாம் சீசன் வந்திருக்கிறது. புது வண்டியில் ஆளுக்கொரு ஹெட்போனோடு திருப்பதி போய்வருகிறோம். அந்தத் தொடரை மட்டும் அதில் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை குடிபாலாவில் பார்க்கிறோம், முதல் பாதி தமிழில், மறு பாதி தெலுங்கில். போனை அவர் முகத்துக்கு நேராக வைத்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். அதனால் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். முதல் எபிசோடில் ஒரு கார் வந்து நின்றது. வசனம் இல்லை. எஃப்.எம். தலையைச் சாய்த்துப் புருவத்தை உயர்த்தினார். எங்களுக்குத் தெரிந்த கேள்விதான் அது.

"நம்மாளுதாண்ணா," என்றார் மேடம். "ஊர்லேர்ந்து வந்துட்டாரு. மீசை வெச்சிருக்காரு."

இந்த சீசன் முதல் சீசன் அளவுக்கு இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். எங்களுக்கு அதில் ஒரே ஒரு குறைதான். நடுவில் கத்துவதற்கு ஆள் இல்லை.