இரட்டைக் குழலே வேண்டும், அண்ணா

இக்குத்தப்ப சாமி காவல்.

அன்புள்ள பூவய்யா அண்ணாவுக்கும் அண்ணிக்கும் தேச்சவ்வா கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் நீலுவும் இரண்டு மாடுகளும் ஓயாத மழையும் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மருமகளுக்கு எட்டாம் மாதம் என்று அண்ணி சொன்னார்கள். மாடிப்படி ஏறவிடாதீர்கள். குடகுத் தேன் ஒரு பாட்டில் நீலுவிடம் கொடுத்தனுப்புகிறேன். அது மருமகளுக்கு, உங்களுக்கு இல்லை.

போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்கிறீர்கள், பின்னால் டிவியில் யாரோ சண்டை போடுகிறார்கள், வைத்த பிறகு உங்களுக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. காகிதமானால் மறந்தால் திரும்பப் பார்க்கலாம். ஏழாவதோடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என் பெண் நீலுவுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. துப்பாக்கி வைத்துக்கொள்ள அவள் பேரில் சீட்டும் வந்துவிட்டது. நாற்று நட்டு முடிந்தது, துப்பாக்கிக்குப் பூசை போடுகிற கைல்போல்து வருகிறது. உரிய வயசு ஆனதும் அந்தப் பூசைக்கு அவளுக்கென்று ஒரு துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்று அவள் சின்னவளாக இருந்தபோதே உங்கள் மச்சான் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், சொன்னது என் தலையில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை இந்தக் கடிதத்தோடு நீலு மைசூர் வருகிறாள். நீங்கள் அவளோடு துப்பாக்கிக் கடைக்குப் போகவேண்டும். இரட்டைக் குழல் எடுங்கள். அவள் ஒற்றைக் குழல் என்பாள், கடைக்காரரும் அவள் பக்கம் பேசுவார், நீங்கள் கேட்காதீர்கள். துப்பாக்கியின் கட்டை முழங்கை மடிப்பில் உட்கார்ந்தால் விரல் விசைக்கு எட்டவேண்டுமாம், சுபேதார் உத்தய்யா சொன்னார். அதனால் ரவிக்கைக்கு அளவெடுக்கிற டேப்பை வைத்து அவள் கையை அளந்து, அந்த அளவுக்கு ஒரு நூலை வெட்டி இதோடு முடிந்து வைத்திருக்கிறேன். கடையில் வெட்கப்படாமல் எடுத்து வைத்துப் பாருங்கள்.

ஏன் இரட்டைக் குழல் என்று எல்லாரும் என்னைக் கேட்டுவிட்டார்கள். காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் வருகிறது, ஒரு வெடிக்குப் பயப்படுவதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, ஆள் போனால் அடுத்தடுத்து இரண்டு வெடி. நம் ஜனங்களுக்கு அதுதானே தந்தி, பத்திரிகை எல்லாம். உங்கள் மச்சானுக்கு அந்த இரண்டு வெடி கிடைக்கவில்லை. தேர்தல் என்று எல்லார் துப்பாக்கியையும் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி அடுக்கி வைத்திருந்த சமயம் பார்த்து மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுக்கும் அவர் சாவுக்கும் என்ன சம்பந்தம்? ஊரில் ஒரு குழல் இல்லை. பட்டாசு கொளுத்தலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம், எந்தக் கட்சியோ ஜெயித்துவிட்டது என்று நினைப்பார்கள் என்று இன்னொருவர் தடுத்தார். போனில் சொன்னோம். டவர் இருந்தவர்கள் வந்தார்கள். வாழ்ந்த நாளெல்லாம் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்யாத மனிதர், அண்ணா. கதவைச் சாத்தினால் மாடு மிரளும், தும்மினால் அடுத்த தோட்டத்தில் கேட்கும். அவரைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். இந்தக் கைல்போல்துக்கு நீலு கையால் அவருக்கு இரண்டு வெடி போட வைக்க வேண்டும். ஒற்றைக் குழலில் ஒன்று போட்டு, திறந்து, தோட்டா மாற்றி, மூடி, இன்னொன்று போடுவதற்குள் அவர் "என்ன, சுடுறீங்களா இல்ல சமைக்கிறீங்களா?" என்று கேட்டிருப்பார்.

அவருடைய துப்பாக்கி என்ன ஆயிற்று என்று அண்ணி கேட்பார்கள். இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. நான் போனேன். அங்கிருந்த புதுப் பையன், "துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா" என்றான். "வருவாரான்னு நானும்தான் பார்க்கிறேன் தம்பி" என்றேன். அவன் பதிவுப் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். டீ நன்றாக இருந்தது, துப்பாக்கி வரவில்லை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அது சாய்ந்து நின்ற மூலையில் சுவரில் கறுப்பாக ஒரு தடம் இருக்கிறது. இத்தனை வருஷமும் நான்தான் கத்தினேன், தூங்குகிற இடத்தில் எதற்கு இது, எண்ணெய் நாற்றம் தலையணை வரைக்கும் வருகிறது என்று. இப்போது அந்த மூலை வெறுமையாக இருக்கிறதே என்று துடைப்பத்தைச் சாய்த்துப் பார்த்தேன். துடைப்பம் மாதிரியே இருந்தது. எடுத்துவிட்டேன். அவர் துண்டை இன்னும் துவைக்கவில்லை, அந்த எண்ணெய் வாசனை கொஞ்சம் இருக்கிறது. மழைக்காலத்தில் அதுவும் போய்க்கொண்டே இருக்கிறது.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அவர் தங்கை பொள்ளம்மா வந்து, "பொண்ணுக்கு முதல் பரிசா துப்பாக்கியா அண்ணி? ஒரு அட்டிகை வாங்கிக் குடுங்க, கழுத்துக்கு அழகு" என்றாள். "அட்டிகையால பன்றிய விரட்ட முடியுமா?" என்று நீலு கேட்டாள். "வர்ற மாப்பிள்ளைய விரட்டாம இருக்கும்டி" என்றாள் பொள்ளம்மா. சுபேதார் உத்தய்யா பட்டாளத்திலிருந்து வந்தவர், அவர் பேச்சே வேறு. "அக்கா, முதல் துப்பாக்கி ஒற்றைதான் இருக்கணும். ஒரு தோட்டாதான்னா மனுஷன் யோசிச்சுச் சுடுவான். ரெண்டு இருந்தா முதல்ல சுட்டுட்டு அப்புறம் யோசிப்பான்" என்றார். எடை வேறு அதிகமாம், உதைத்தால் தோள் கன்றிப்போகுமாம். நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் அவரே, "சரி, ஞாயித்துக்கிழமை என்னோட இரட்டைக் குழலக் கொண்டு வர்றேன், பொண்ணு தூக்கிப் பார்க்கட்டும். அவ தோள் சொல்லும் எது வேணும்னு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. வருகிற மனிதருக்குச் சோறு போடவேண்டாமா, பன்றிக்கறியை அடுப்பில் ஏற்றிவிட்டுக் நொய்யரிசியில் கடம்புட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். உத்தய்யா கொல்லைப் பலா மரத்தில் ஒரு தேங்காயைக் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் மண்மேடு இருக்கிறதா, மாடு எங்கே, ஆள் எங்கே என்று எல்லாம் பார்த்துவிட்டு, நீலு தோளில் துப்பாக்கியைப் பொருத்தினார். "மூச்ச விடு. பாதியில நிறுத்து. மெதுவா அமுக்கு." முதல் வெடி தேங்காய்க்குப் பக்கத்தில் போயிற்று. நம் நீலுவை உங்களுக்குத் தெரியாதா, அப்பனைப் போலத்தான். தோற்றால் மூச்சுவிடக் கூடக் காத்திருக்க மாட்டாள். உத்தய்யா வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது விசையை இழுத்துவிட்டாள். தேங்காய் சிதறி, ஒரு சில்லு என் குழம்புச் சட்டி வரைக்கும் வந்து விழுந்தது. "பார்த்தீங்களா மாமா!" என்று அவள் குதிக்கிறாள், உத்தய்யா முகத்தில் ரத்தமில்லை.

"அடிப்பாவி, ரெண்டு போட்டுட்டியே! அடுத்தடுத்து ரெண்டு!"

"ஆமா, ரெண்டாவது பட்டுச்சு!"

"பட்டது தேங்காய்க்கு இல்ல, ஊருக்கு! சீக்கிரம் மூணாவது ஒண்ணு போடு, கணக்கு மாறிடும்!"

"தோட்டா?"

மனிதர் பையைத் துழாவினார். இரண்டுதான் கொண்டுவந்திருந்தார். இரண்டு இருந்தால் மனுஷன் யோசிக்க மாட்டான் என்றவர் மூன்றாவதை யோசிக்கவில்லை.

அப்புறம் என்ன, வந்தார்கள். வயல் வரப்பிலும் ஓடைப் பாலத்திலும் துக்கத்துக்கு உடுத்தி வெள்ளை வெள்ளையாக இறங்கி வந்தார்கள். இந்த வீட்டில் மிச்சமிருப்பது நானும் நீலுவும், அதில் போகக்கூடியவள் நான்தான் என்று எல்லாரும் அவரவர் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஒருவர் கோடாலியோடு வந்து நேரே என் மாமரத்தை, சிதைக்கு ஆகுமா என்று, சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். பொள்ளம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்க வச்சிருக்கீங்க எங்க அண்ணிய?" என்று கேட்டாள். "அடுப்படியில" என்றேன். இரண்டடி உள்ளே ஓடிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்து, நான் செத்ததற்கு அழுததைவிட அதிகமாக அழுது, அப்புறம் திட்டினாள்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் வந்தது யார் தெரியுமா அண்ணா? ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெள்ளியப்பா. அந்த மிளகுக் கொடிச் சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். வேர் நம் பக்கம், மரம் அவன் பக்கம், மிளகு யாருக்கு என்று அவனும் உங்கள் மச்சானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருஷக்கணக்காக நடந்தார்கள். அதற்கு முன்னால் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். உங்கள் மச்சான் போனபோது அவனுக்கும் போன் போயிற்று. அவன் வரவில்லை. எத்தனையோ பேர் வராமலிருந்தார்கள், அவன் வராததுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெள்ளியப்பா செருப்பில்லாமல், வேட்டியைச் சரியாகக் கூடக் கட்டாமல், "அண்ணி, போயிட்டீங்களா அண்ணி" என்று அழுதுகொண்டே முற்றத்தில் ஏறி, கையில் கரண்டியோடு நின்ற என்னிடமே, "எப்ப ஆச்சு?" என்று கேட்டான்.

"ஒண்ணும் ஆகல பெள்ளியப்பா. தேங்காய் போச்சு, அவ்வளவுதான்."

"அப்ப எதுக்கு ரெண்டு வெடி? யாருக்கு?"

நீலுதான் தவறிப் போட்டாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது உங்கள் மச்சான் பேர். "குட்டய்யாவுக்கு" என்றேன். "போன வருஷம் போட வேண்டியது. இப்பதான் முடிஞ்சது."

பெள்ளியப்பா தலைத்துணியை அவிழ்த்தான். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "அன்னிக்கு நாள் முழுக்கக் காதத் தீட்டிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தேன் அண்ணி. வெடி கேட்டா யாரும் என்ன ஒண்ணும் கேட்க முடியாது, பகையாளியும் வரணும், ஓடி வந்திருப்பேன். போன்ல சொன்னதுக்கு வந்திருந்தா அவன் எழுந்து உட்கார்ந்து, 'உன்ன யார்றா கூப்பிட்டது'ன்னு கேட்டிருப்பான்" என்றான். கேட்டிருப்பார்தான். பெள்ளியப்பா அழுதான் அண்ணா. எனக்கு இல்லை, அவருக்கு. அவன் அழுததும் முற்றத்தில் நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலைத்துணியை அவிழ்த்தார்கள். கோடாலிக்காரர் கூட மாமரத்தை விட்டுவிட்டு வந்தார். நான் உள்ளே போய் அந்தத் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். போன வருஷம் அழுதபோது பக்கத்தில் ஊர் இல்லை. இப்போது இருந்தது.

வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? இருந்த கறியில் இன்னும் தண்ணீர் விட்டேன், மிளகாயும் புளியும் கூட்டினேன். பெள்ளியப்பா இலை முன்னால் தயங்கினான். "சாவு வீட்ல பன்றிக்கறியா அண்ணி?" "இது சாவு வீடில்ல." "வெள்ளை உடுத்திட்டு வந்துட்டேனே." "குழம்பு பட்டா துவைச்சுக்கோ" என்றேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது, இந்த வருஷ மிளகை என்னையே பறித்துக்கொள்ளச் சொன்னான். சுபேதார் மட்டும் கடைசி வரைக்கும் எல்லாரிடமும், "என் தப்பில்ல, துப்பாக்கி இரட்டைக் குழல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை நடந்தும் என் பேச்சு ஒன்றுதான். இரட்டைக் குழலே எடுங்கள். கைல்போல்து அன்றைக்கு அதன் குழலில் தோக்குப் பூவான செங்காந்தளைச் செருகி, முறைப்படி அவருக்கு இன்னொரு தரம் போடச் சொல்வேன். நாளைக்கு எனக்கும் போட வேண்டுமே. அன்றைக்கும் தேர்தல் வராமல் இருக்கவேண்டும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. காவேரியம்மா உங்கள் வாசலை வற்றாமல் வைக்கட்டும்.

உங்கள் தங்கை,
தேச்சவ்வா

பின்குறிப்பு: அண்ணா, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருந்த இந்தக் கடிதத்தை நீலு பிரித்துப் படித்துவிட்டாள். பன்றிக்குத்தான் இரட்டைக் குழல் என்று நம்பியிருந்தவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, அப்பாவுக்குப் போட்டாச்சு. அவருக்குக் கேட்டுடுச்சு. இன்னொரு தரம் போட்டா, 'ஏன்டி, எத்தன தரம் என்னை அனுப்புவீங்க'ன்னு கேப்பாரு" என்றாள். "அப்போ எனக்கு?" என்றேன். "உனக்கு நான் ஒண்ணு போடுவேன், பெள்ளியப்பா மாமா அவரோட துப்பாக்கியில ஒண்ணு போடுவாரு. ஒரே துப்பாக்கியில ரெண்டும் இருந்தா அவரு எதுக்கு வரணும்?" என்றாள். நான் எழுந்துபோய் அவர் துண்டைத் துவைத்துப் போட்டேன். அதனால் ஒற்றைக் குழலே எடுங்கள், தோளுக்கும் அதுதான் நல்லது. நூல் அளவு சரிதான். மருமகளுக்கு வலி எடுத்ததும் போன் பண்ணுங்கள், டிவியை நிறுத்திவிட்டுப் பண்ணுங்கள். பிள்ளை மைசூரில் பிறந்தாலும் வெடி இங்கே நம் கொல்லையில்தான், பெண்ணானாலும் பையனானாலும். ஒன்றே ஒன்று. பெள்ளியப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன், அன்றைக்கு வெள்ளை உடுத்தாமல் வரவேண்டும் என்று.