சங்குச்சாமி கண்ட ரெட்டைப் பிறவி

அந்தத் தீவில் பார்க்க எவ்வளவோ இருந்தன. பளிங்கு போலக் கடல், பாறை இடுக்கில் அருவி, வெள்ளைவெளேரென்று ஒரு கலங்கரை விளக்கம். ஆனால் படகுத்துறையில் வேனுக்காக முண்டியடித்தவர்கள் அதைப் பற்றியெல்லாம் மூச்சுவிடவில்லை. "சாமி எப்போ பார்ப்பாரு?" என்பதுதான் ஒரே பேச்சு.

சாமி என்றால் சங்குச்சாமி. தீவின் தென்முனைக் குகையில் இருப்பவர். சங்கை எடுத்துக் காதில் வைப்பார். உடனே கடல் உங்கள் குடும்பக் கதையை அவருக்குச் சொல்லுமாம். தொழில், தீராத நோய், தீர்ந்துபோன காதல், எல்லாம் சொல்லுமாம். கடலுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

"ஒரு வேனுக்கு எட்டே பேர்தான். கூட்டம் சேர்ந்தா அருள் கலைஞ்சிடும்," என்றான் வழிகாட்டி. சிரித்த முகம். தேன் குழைத்த குரல்.

எட்டுப் பேரில் ஒரு தம்பதி. கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பொடிப்பொடி சக்கரங்களோடு பழகிய கண்களில் இப்போது புரை. அடுத்த வாரம் ஆபரேஷன். கத்தி என்றாலே நடுங்குகிற மனிதர், சாமி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று மனைவியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்ப்பது அவள் பிழைப்பு.

வேன் கிளம்பியதும் வழிகாட்டி சீட்டு சீட்டாக வந்து உட்கார்ந்தான். "ஐயா என்ன தொழில் பண்றீங்க? கண்ணு ஏன் கலங்குது? டாக்டர் என்ன சொன்னாரு?" கணவர் மடை திறந்தார். பின் சீட்டு பேக்கரிக்காரர் தம்பியோடு நடக்கும் சண்டையைக் கொட்டினார். டீச்சரம்மா கல்யாணமாகாத மகனைப் பற்றிப் புலம்பினார்.

அருவியில் எல்லோரும் நனைந்தார்கள். வழிகாட்டி மட்டும் வேனுக்குப் பின்னால் ஃபோனில் இருந்தான். தண்ணீர் பாட்டில் எடுக்கத் திரும்பிய மனைவியின் காதில், "வாட்ச் ரிப்பேரு... கண்ணுல புரை..." என்று விழுந்தது.

"என்னங்க, அந்தாளு உங்க கதையை யாருக்கோ ஒப்பிக்கிறான்."

"உனக்கு ஆபீஸ் புத்தி. பச்சக் குழந்தையைக்கூடச் சந்தேகப்படுவே."

சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் வழிகாட்டி தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தான். கணவர் கை கழுவப் போயிருந்தார்.

"அம்மா, நீங்க மட்டும் வாயே திறக்கலையே?"

அவள் பெருமூச்சு விட்டாள். "யார்கிட்டயும் சொல்லாத விஷயம் தம்பி. நான் ரெட்டைப் பிறவி. கூடப் பிறந்தவ கடல்ல முழுகிட்டா. இன்னும் கனவுல வந்து கூப்பிடுறா." கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பொய் அவளுக்குப் புதிது. ஆனால் ஆபீசில் இத்தனை வருஷம் கேட்ட பொய்கள் கைகொடுத்தன.

வழிகாட்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் எழுந்து ஃபோனோடு வெளியே ஓடினான்.

குகையில் சாம்பிராணிப் புகை. சங்குச்சாமி கண்ணை மூடி, சங்கைக் காதில் வைத்தார். கணவரைப் பார்த்து, "காலத்தையே சரிபண்ற கை உன் கை! ஆனா கண்ணுக்கு முன்னால பனி மூடியிருக்கு," என்றார். குகையே வாய் பிளந்தது. "கத்தி வைக்காதே! இந்தச் சங்குத் தீர்த்தத்தைத் தினமும் கண்ணுல விடு."

"கேட்டியா? ஆபரேஷன் வேண்டாம்னுட்டாரு!" தொகையைக் கொடுத்துப் பாட்டிலை வாங்கினார் கணவர். அடியில் மணல் படிந்திருந்தது. மூடியைத் திறக்கப் போனவரின் கையைப் பிடித்தாள் அவள்.

"இருங்க. என் முறை முடியட்டும்."

சாமிக்கு உடம்பெல்லாம் நடுக்கம். "உன் பின்னால ஒருத்தி நிக்கிறா! அச்சு அசல் உன் முகம்! ஈரம் சொட்டச் சொட்ட நிக்கிறா! உன்கூடப் பிறந்த ரெட்டைப் பிறவி!"

அவள் வாயைத் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டார். "ரெட்டையா? சாமி, இவ வீட்டுக்கு ஒரே பொண்ணு சாமி!"

"இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க சாமி," என்றாள் அவள் பணிவாக. "கடல் ஆள் மாத்திச் சொல்லியிருக்கும்."

சாமி சங்கைக் குலுக்கினார். முகம் சிவந்தது. வாசலில் நின்ற வழிகாட்டியைப் பார்த்துக் கத்தினார். "டேய், ரெட்டைன்னுதானேடா சொன்னே?"

"அந்தம்மா அப்படித்தான் சொல்லி அழுதாங்க சாமி!"

முதலில் சிரித்தது பேக்கரிக்காரர். சட்டென்று நிறுத்திக் கேட்டார். "அப்ப என் தம்பி எனக்குச் சூனியம் வச்சிருக்கான்னு சாமி முன்னாடி சொன்னது?"

"அந்தத் தம்பி கதையை வேன்ல நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அவள்.

டீச்சரம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "போன ஜென்மத்து அக்காவா இருக்குமோ?" என்றபடி, எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

கணவர் கரைக்குப் போய்ப் பாட்டிலைக் கவிழ்த்தார். திரும்பி வந்து தாழ்ந்த குரலில், "ஆபரேஷன் அன்னைக்குப் பக்கத்துலயே இருப்பேல்ல? பயமா இருக்கு," என்றார்.

"கட்டு அவுக்கும்போது முதல்ல என் மூஞ்சியைத்தான் பார்க்கணும். போதுமா?"

"ரெண்டா தெரிஞ்சா?"

"டாக்டரைக் கேளுங்க. சங்கைக் கேக்காதீங்க."

குகை வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். சரி, வைக்கட்டும். மூளையையும் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னது யார்? திரும்பி வந்து செருப்பைத் தேடுகிற அக்கறையில் பாதியாவது மூளையின் மேல் இருந்திருந்தால், அந்தச் சங்கு இந்நேரம் கடலிலேயே நிம்மதியாகக் கிடந்திருக்கும்.