நாலுபேர் அண்ணாச்சி கழற்றிய ஸ்டார்ட்டர் மோட்டார்

ஐந்து பேர் ஒன்றாக நிற்பதைப் பார்த்தாலே பதறிப்போகும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரும் ஆமத்தூரில், எங்கள் தெருவில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவுக்கு அவர் நாலுபேர் அண்ணாச்சி.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. தீப்பொறி பறக்கும் என்று இரும்புச் சாமான் உள்ளே வரக் கூடாது. உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அண்ணாச்சி வேலையை விட்டு வந்தார். விதிகளை விட்டு வரவில்லை. அவர் வீட்டு வாசலிலும் செம்புத் தகடு உண்டு. பால்காரர் அதைத் தொட்டுவிட்டுத்தான் பால் ஊற்றுவார். போன தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் மூன்று பேரை உள்ளே விட்டு, தன்னையும் சேர்த்து நாலு என்று கதவைச் சாத்தினார். பின்னால் வந்த வேட்பாளர் வெயிலில் நின்று கும்பிட்டார்.

சிரிப்போம். ஆனால் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு தீபாவளி சீசனில், கம்பெனி அறையொன்றில் ஐந்தாவதாக ஒரு பெண் நிற்பதைப் பார்த்துச் சத்தம் போட்டு வெளியே அனுப்பினார். அந்தப் பெண் இவரைத் திட்டிக்கொண்டே வெளியே இருந்த வேப்பமரம் வரை போயிருக்கிறார். அப்போது அறை வெடித்தது. அந்தப் பெண்தான் பேச்சியம்மாள் மதினி. "வெளிய போன்னு வெரட்டுன மனுசன்தான் அடுத்த வருசம் வீட்டுக்குள்ள வான்னு கூப்பிட்டாரு" என்பார் மதினி. உள்ளே இருந்த நால்வரைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

இந்த ஆடி கடைசி வெள்ளிக்கு மதினி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனார். அண்ணாச்சி நெஞ்சுவலியிலிருந்து பிழைத்ததற்கான நேர்த்திக்கடன். திரும்பும்போது அண்ணாச்சி காரில் போய்க் கூட்டிவருவதாக ஏற்பாடு. அவ்வளவு கூட்டத்துக்குள் போக அவர் சம்மதித்ததே பெரிய விஷயம். கிளம்புகிற நேரத்தில் சாவியைத் திருப்பினால், அந்தப் பழைய வெள்ளைக் கார் 'டக்' என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக், ஆட்டோ, வேன் எல்லாம் திருவிழாவுக்காக இருக்கன்குடியில். அண்ணாச்சி அசரவில்லை. இப்படி ஆகும் என்று விருதுநகரில் வாங்கி வைத்திருந்த ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து வந்தார். இந்தப் பக்கம் மணல் வாளி, அந்தப் பக்கம் தண்ணீர் வாளி. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கம்பெனிக் காலத்துப் பித்தளை ஸ்பேனரோடு குனிந்தார். நானும் பால்காரரும் எதிர்வீட்டு டெய்லரும் சுற்றி நின்றோம். ஜெபமணி டீச்சர் காம்பவுண்டுக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், ஒங்களோட அஞ்சு."

"காரு என்ன சரவெடியா அண்ணாச்சி?"

"பெட்ரோலு என்ன பாயாசமா? வெளிய நில்லுங்க."

முதல் போல்ட் வந்துவிட்டது. இரண்டாவது துருப்பிடித்து இறுகியிருந்தது. அண்ணாச்சி முழு பலத்தையும் போட்டார். போல்ட் அசையவில்லை, பித்தளை ஸ்பேனர்தான் வாயைப் பிளந்தது. நான் வீட்டுக்கு ஓடி என் ஸ்பேனரைக் கொண்டுவந்தேன்.

"இரும்பா? அப்படியே திரும்பிப் போங்க."

மதினியிடமிருந்து போன் வந்தது. "ஏங்க, முட்டி வீங்கிருச்சு. பஸ்ஸுல கால் வைக்க எடமில்ல. எங்கன வாரீக?"

"மோட்டாரக் கழட்டிக்கிட்டு இருக்கேன்."

"நல்லாக் கழட்டுங்க. அடுத்த ஆடிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க."

தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றார் டெய்லர். அண்ணாச்சி யோசித்தார். "தள்ளலாம். ஆனா நாலு பேருதான். ஸ்டீரிங் பிடிக்கிற என்னையும் சேத்து." பேட்டரி வயரை மாட்டிவிட்டு உட்கார்ந்தார். மூன்று பேர் தள்ளினோம். மூவருக்கும் சேர்த்து ஒரு வாலிபனின் பலம்கூட இல்லை. டீச்சர் வீட்டு வாசல் வரை உருண்டுவிட்டு வண்டி நின்றது.

மறுபடி போன். இந்த முறை மதினியின் குரலில் கேலி இல்லை. "வெயிலு தாங்கல. தலை சுத்துதுங்க."

அண்ணாச்சி போனை வைத்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பயந்து தெருவே தள்ளி நின்றுகொண்டிருந்தது.

"ஏலே, எம்புட்டுப் பேரு இருக்கீக?"

"எல்லாரும் இருக்கோம் அண்ணாச்சி!"

"எல்லாரும் வாங்கலே!"

டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் கார் இருமி, உறுமி, புகையைக் கக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

சாயங்காலம் மதினி நொண்டிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். "கோயிலுகிட்ட வண்டி அணைஞ்சு போச்சு. வந்த சனம் பூரா சேந்து தள்ளிவிட்டுச்சு. எத்தனை பேருன்னு கேட்டா, எண்ணலங்காரு!" என்றார். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அவரே வந்து என் இரும்பு ஸ்பேனரைக் கேட்டார். பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்பேனரைத் தண்ணீர் வாளியில் முக்கித் துடைத்தார். பிறகுதான் போல்ட்டைத் தொட்டார். அது மூன்றே திருகில் வந்துவிட்டது. புது மோட்டார் ஏறியது. சாவியைத் திருப்புவதற்கு முன், சுற்றி நின்ற கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். பழைய அண்ணாச்சி திரும்பிவிட்டார்.

"நானு, நீங்க, டெய்லரு, டீச்சரு. நாலு. மத்தவுக வெளிய."

பால்காரர் உட்பட எல்லோரும் வெளியே போனார்கள். மதினி மட்டும் வீங்கிய காலோடு, கார்க் கதவில் சாய்ந்தபடி அங்கேயே நின்றார். அவரை அண்ணாச்சி எண்ணவில்லை. நாங்களும் எண்ணவில்லை.