செய்திகள் வாசிப்பது லெஸ்லி கொர்னேலியஸ்

ஏழு மணிச் செய்திக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒத்தசோலைப் பஞ்சாயத்து ரேடியோ உயிரை விட்டது.

அதன் காப்பாளர் செல்லையா முதலில் தட்டிப் பார்த்தார். பிறகு கெஞ்சிப் பார்த்தார். பின்பக்கப் பலகையைக் கழற்றியபோது உள்ளே ஒரு வால்வு கருகிப் போயிருந்தது. புது வால்வு கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வர எப்படியும் நாலு நாள் ஆகும்.

அவருக்கு நாலு நிமிடம்கூட இல்லை. சிலோனில் பதுளைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்து, சேரம்பாடி எஸ்டேட்டில் இரண்டு வருடம் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிவிட்டு, யார் யாரையோ பிடித்து வாங்கிய வேலை இது. தற்காலிகம்தான். மாதக் கடைசியில் நிரந்தரம் செய்வதாகத் தலைவர் ஒச்சப்பன் சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க செல்லையா, போன மாசமே ரெண்டு தடவ ரேடியோ படுத்துக்கிச்சு. இன்னொருக்கா செய்தி வராமப் போச்சுன்னா உங்களை வச்சிருக்க முடியாதுங்க. சனங்க என்னையத்தான் பேசறாங்க."

வேலை போனால் மறுபடியும் எஸ்டேட் கூலிகளின் லயத்து வாழ்க்கைதான். ஐந்தாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படிக்கிற இரண்டு பெண்களும் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவது செல்லையாவின் கண்ணில் தெரிந்தது.

வெளியே பூங்காவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அறுபது எழுபது பேர் உட்கார்ந்து ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா செல்லையா, இன்னும் தொறக்கலியா?" என்று தெய்வம்மாவின் குரல் கேட்டது. அவளும் சிலோன்காரிதான், அதே கப்பலில் வந்தவள். ரேடியோ கேட்பதில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை.

"இந்தா, தொறந்துட்டேன்!" என்றார் செல்லையா. அப்படிச் சொன்ன பிறகுதான் எதைத் திறப்பது என்று யோசித்தார்.

அறையில் ஒரு மைக் இருந்தது. வீட்டு வரி கட்டச் சொல்லி அறிவிப்பதற்காக வாங்கியது. டீக்கடையிலிருந்து எடுத்து வந்த அன்றைய செய்தித்தாளும் இருந்தது. செல்லையா கதவைத் தாழிட்டார், தொண்டையைச் செருமினார், மைக்கைத் திறந்தார்.

"செய்திகள். வாசிப்பது..."

பெயர் வேண்டுமே! பதுளைத் தோட்டத்து டீமேக்கர் லெஸ்லியும், டிஸ்பென்சரி கொர்னேலியஸும் ஒரே சமயத்தில் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"...லெஸ்லி கொர்னேலியஸ்."

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இருபது வருடம் லயத்து வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டதெல்லாம் வீண்போகவில்லை. குரல் கணீரென்று வந்தது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தது, நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றது. நேரம் மட்டும்தான் நகரவில்லை. ஆறு நிமிடத்தில் பேப்பர் தீர்ந்துவிட்டது. செய்தியோ பத்து நிமிடம் வர வேண்டும்.

"மேலும் சில செய்திகள்," என்றார் செல்லையா, நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "ஒத்தசோலை மேல்வீதிக் குழாயில் நாளை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்துவிடப்படும். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்துவிட்டது. பள்ளிக்கூட வளைவில் காட்டெருமை நிற்பதால் பொதுமக்கள் சுற்றிச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

பூங்காவில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்மூரு எருமை நிக்கறது டெல்லிக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் ஒருவர்.

"கவர்மென்டுன்னா சும்மாவா?" என்றார் இன்னொருவர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மேல்வீதிக் குழாய்க்காரன் அலறியடித்துக்கொண்டு வந்து தண்ணீர் திறந்தான். மூன்று வருடத்தில் அவன் ஆறு மணியைப் பார்த்ததே அன்றைக்குத்தான். ரேஷன் கடைக்காரர் வந்த மண்ணெண்ணெயை வரவில்லை என்று சொல்லத் துணியாமல் கடையைத் திறந்தார். டெல்லிக்கே தெரிந்துவிட்டதே!

அன்று மாலை பூங்காவில் இருநூறு பேர் கூடிவிட்டார்கள்.

செல்லையாவுக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. கால்நடை டாக்டர் புதன்கிழமை வருகிறார் என்றார். நர்ஸம்மா ஊசி போட வரும் நாளைச் சொன்னார். வெலிங்டன் பஸ் கிளம்பும் நேரம் மாறிவிட்டதைச் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் நடந்தது. நடத்த வேண்டியவர்களும் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம்.

ஐந்தாம் நாள் வால்வு வந்து சேர்ந்தது. செல்லையா சாமியைக் கும்பிட்டு அதை மாட்டினார். ரேடியோ அழகாகப் பாடியது. அப்பாடா என்று, ஏழு மணிக்கு நிஜச் செய்தியையே ஒலிபெருக்கியில் விட்டார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கதவு இடிபட்டது.

"யாருங்க இவன்? கொர்னேலியஸ் எங்கீங்க?"

"எங்க வீதித் தண்ணியப் பத்தி இந்தாளு ஒரு வார்த்த பேசலீங்களே!"

"ஸ்டேஷன மாத்திட்டானுங்க! திருப்புங்க அந்தப் பக்கம்!"

தலைவர் ஒச்சப்பனே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "ஏனுங்க செல்லையா, நல்லாப் போயிட்டிருந்துச்சு. எதுக்குங்க அதை நோண்டறீங்க? ரிப்பேர் பண்ணத் தெரியாட்டி உட்டுருங்க."

நல்ல ரேடியோவை அணைத்துவிட்டு, செல்லையா மறுபடியும் கதவைத் தாழிட்டுக்கொண்டு மைக்கின் முன் உட்கார்ந்தார். "தடங்கலுக்கு வருந்துகிறோம்," என்றார் கொர்னேலியஸ். வெளியே கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

இப்படியே பத்து நாள் ஓடியது. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் மாதக் கடைசி. அந்த நேரம் பார்த்துத் தெய்வம்மா ஒரு சந்தோஷ சமாச்சாரத்தோடு வந்தாள்.

"செல்லையா, நாங்க எல்லாரும் சேந்து கொர்னேலியஸ் ஐயாவுக்குக் கார்டு போட்டுட்டோம்."

"என்னா கார்டு?"

"என்னா கார்டா? சிலோன்ல ரேடியோவுல நல்லாப் பேசுனவங்களுக்கு நாம கார்டு போடாமயா இருந்தோம்? அது ஒரு மரியாத இல்லியா? ரேடியோ ஸ்டேஷன் அட்ரஸ வாத்தியார்கிட்ட வாங்கி, நாப்பத்தி மூணு கார்டு போட்டிருக்கோம். எம் பேரனுக்குப் பொறந்த நாளு, வாழ்த்துச் சொல்லச் சொல்லி நான் மட்டும் ரெண்டு."

செல்லையா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ஆள் பிடித்து எழுதியிருந்தார்கள். இல்லாத வாசிப்பாளருக்கு ஒரே ஊரிலிருந்து நாற்பத்து மூன்று கடிதம்! தபால்காரரிடமிருந்து பையைத் திரும்ப வாங்க முடியுமா என்று விசாரித்தார். பை முந்தாநாளே மலையிறங்கிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒச்சப்பன் கையில் ஒரு பழுப்பு உறையோடு வந்தார்.

"ரேடியோ ஸ்டேஷன்ல இருந்து வந்திருக்குதுங்க. 'தங்கள் ஊரில் செய்தி வாசித்து வரும் லெஸ்லி கொர்னேலியஸ் தொடர்பாக நேரில் விசாரிக்க வெள்ளிக்கிழமை வருகிறோம்'னு எழுதியிருக்காங்க. நம்மூர்ல எங்கீங்க வாசிக்கறாரு? ஒண்ணும் வெளங்கலியே."

செல்லையாவுக்கு விளங்கிவிட்டது. அரசாங்க ரேடியோ மாதிரி பேசினால் எத்தனை வருடம் உள்ளே போடுவார்கள்? வேலை போனால் சேரம்பாடி. ஜெயிலுக்குப் போனால் பெண்களுக்குச் சேரம்பாடிகூட இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பொன்னாயி என்னவென்று கேட்டதற்குப் பல்வலி என்றார்.

யோசித்து யோசித்து ஒரு வழிதான் தென்பட்டது. ஆளே இல்லை என்றால் யாரை விசாரிப்பார்கள்? வியாழக்கிழமை மாலை, மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு குரலில் மைக்கின் முன் உட்கார்ந்தார். சிலோன் ரேடியோவில் செய்திக்குப் பின்னால் தினமும் வருமே, அதே பாணிதான் வாய்க்கு வந்தது.

"மரண அறிவித்தல். செய்தி வாசிப்பாளர் லெஸ்லி கொர்னேலியஸ் இன்று காலை மாரடைப்பால் காலமானார். அன்னார் காலஞ்சென்ற கொர்னேலியஸ் தம்பதியரின் அருமை மகனும், பொன்னாயியின் அன்புக் கணவரும்..."

பழக்க தோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டு, மீதி உறவுகளை விட்டுவிட்டு மைக்கை அணைத்தார். நல்லவேளையாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. பூங்காவில் அதற்குள் ஒப்பாரி கிளம்பிவிட்டது.

தெய்வம்மா மண்ணில் விழுந்து அழுதாள். "ஏழு மணிக்கு எங்க வீட்டு ஆளு மாதிரி வந்து பேசுவாரே! எம் பேரனுக்கு வாழ்த்துச் சொல்லாமயே போயிட்டாரே!" குழாய்க்காரன் தேம்பினான். அழுகையைக் கேட்கக் கேட்கச் செல்லையாவுக்கும் துக்கம் தாங்கவில்லை. உள்ளே தனியாக உட்கார்ந்து, அவரும் கொர்னேலியஸுக்காக ஒரு மூச்சு அழுது தீர்த்தார். அவ்வளவு நல்ல குரல்!

வெள்ளிக்கிழமை கடைவீதி முழுக்க அடைப்பு. போட்டோ கிடைக்காததால் ஒலிபெருக்கிக்கே ஒரு முழ சாமந்தி மாலையைப் போட்டு, கீழே மெழுகுவர்த்தி ஏற்றி, ஒச்சப்பன் தலைமையில் இரங்கல் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் இறங்கினார்.

"இங்க கொர்னேலியஸுங்கறது..."

"நேத்தே போயிட்டாருங்க," என்றார் ஒச்சப்பன், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதிகாரியின் முகம் வாடியது. கூட்டத்தோடு சேர்ந்து ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார். அப்புறம் செல்லையாவைத் தனியாக ரேடியோ அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மைக்கைப் பார்த்தார். கிழிந்த செய்தித்தாளைப் பார்த்தார்.

"இங்கிருந்துதான் யாரோ வாசிச்சிருக்காங்க. எனக்குத் தெரியும். மறைக்காமச் சொல்லுங்க."

செல்லையா அவசரமாகக் கணக்குப் போட்டார். செத்தவர் மேல் பழியைப் போட்டால் செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்?

"கொர்னேலியஸ்தாங்க சார்! சாயங்காலமானா வந்துருவாரு. வேணாம் சார், தப்பு சார்னு நானும் எவ்வளவோ சொன்னேன். கேக்கலீங்க."

"ஊர்ச் செய்தியெல்லாம் எழுதிக் குடுத்தது?"

"அவரேதாங்க."

"நீங்க எப்பவாவது வாசிச்சதுண்டா?"

"ஐயோ, எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க சார்! எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க ஏலும்."

"இந்த ஊர்ல வேற யாராவது? அந்த மாதிரி ஒரு குரல்?"

"ஒருத்தர்கூட இல்லீங்க. எல்லாம் அவரோட போச்சு."

அதிகாரி பெருமூச்சு விட்டார். சட்டைப்பையிலிருந்து பாதி எடுத்திருந்த ஒரு கவரைத் திரும்ப உள்ளே வைத்தார். "சரி, போனவரைச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்று வெளியே போனார்.

செல்லையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜெயில் இல்லை, கேஸ் இல்லை. ரேடியோவும் நன்றாக இருக்கிறது. கொர்னேலியஸே போன பிறகு ஊர்ஜனம் இனி நிஜச் செய்தியைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? அதிகாரி ஒச்சப்பனிடம் விடைபெற்றுக்கொண்டிருந்த நேரத்தில், சந்தோஷம் தாங்காமல் செல்லையா தன் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து ஜீப் டிரைவர் ஆறுச்சாமியிடம் நீட்டினார்.

"அண்ணே, ஆளு இருந்திருந்தா எத்தன வருஷம் போட்டிருப்பாங்க?"

ஆறுச்சாமி டீயை ஊதிக் குடித்தார்.

"அம்பத்தெட்டு வயசு வரைக்கும் போட்டிருப்பாங்க. மலைக்குன்னு தெனம் ஊர்ச்செய்தி ஆரம்பிக்கறாங்கல்ல, அதுக்கு வாசிக்க நிரந்தர உத்தியோகமுங்க, ஊட்டியில வூடும் சேத்து. ஆர்டரக் கையில குடுக்கத்தான் வந்தோம், பாவம், மனுசன் ஒரு நாளு முன்னாடி செத்துப்போட்டாரு."