தாஸ் சாஹிப் வீட்டில் நான் கரைத்த மாவு

என் மகள் தன் ஏழாவது, எட்டாவது மாதங்களில் என்ன சாப்பிட்டு வளர்ந்தாள் என்பது அந்தமானில், ஜங்லிகாட்டில் எங்கள் குடியிருப்பு வரிசையில் இருந்த அத்தனை வீடுகளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. வெட்கம் என்னவென்றால், அதைப் பற்றி ஊரில் அதிகமாகப் பேசியவன் நான்தான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலக ஸ்டோரில் கிளார்க்காக இருந்தேன். சரக்கு இருப்பைச் சரிபார்ப்பது என் வேலை. குழந்தை பிறந்ததும் எனக்கு விஞ்ஞான மோகம் பிடித்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் டின் உணவைத்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு போட்டேன். டின்னின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ‘மூன்று கரண்டி, ஆறு அவுன்ஸ் வெந்நீர், நன்றாகக் கலக்கவும்’ என்பதை மனப்பாடமே செய்திருந்தேன். ஒரு வேளையாவது குழந்தைக்கு ஊட்டினேனா என்றால், இல்லை. டின்னைத் திறந்தாவது பார்த்தேனா என்றால், அதுவும் இல்லை. படித்ததோடு தகப்பன் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

என் மனைவி சரோஜா திருநெல்வேலிக்காரி. “அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துத் திரிச்சு, காய்ச்சிக் குடுத்தா போதும்லா?” என்று ஒருமுறை கேட்டாள். அன்று நான் நிகழ்த்திய சொற்பொழிவில் கிருமிகள், வைட்டமின்கள், வெளிநாடுகள் எல்லாம் வந்தன. அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் கப்பல் பழுதாகி, வாரக்கணக்கில் வரவில்லை. கடைகளில் டின் உணவு அடியோடு தீர்ந்துபோனது. என் மேலதிகாரி தாஸ் சாஹிப் வங்காளி. அவருடைய பையனுக்கும் என் மகள் வயதுதான். டின் உணவைத் தவிர எதைக் கொடுத்தாலும் துப்புகிறவன். “நான்கு நாளாக ஒன்றும் இறங்கவில்லை, துவண்டு கிடக்கிறான்” என்று அலுவலகத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“சாப், என் வீட்டில் இருக்கிறது” என்றேன்.

பொய்யில்லை. அன்று காலைகூட அலமாரியில் அந்த டின்னைத் தூக்கிப் பார்த்திருந்தேன். கனமாக இருந்தது. ஏழு வாரமாகவே அதே கனம். (ஸ்டோரில் ஏதாவது சரக்கு இப்படி நடந்துகொண்டிருந்தால் உடனே ரிப்போர்ட் எழுதியிருப்பேன்.)

சாயங்காலம் வீட்டுக்கு வந்து டின்னைக் கையில் எடுத்தேன். சரோஜாவின் முகம் மாறியது.

“ஏங்க, அத எடுக்காதிய. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க.”

“ஒரு பிள்ளை பட்டினி கிடக்கு. கஞ்சத்தனம் பாக்குற நேரமா? கிளம்பு, நீயும் வா.”

“கஞ்சத்தனம் இல்லங்க. அதுல இருக்கது...”

“போற வழியில சொல்லு.”

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். போகிற வழியெல்லாம் நான் பேசினேன்.

தாஸ் சாஹிப்பின் வீடு மேட்டில், மரத்தூண்கள்மேல் நின்ற பலகை வீடு. வராந்தாவில் அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேர் கவலையோடு நின்றார்கள். பையன் தாயின் தோளில் அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் வெந்நீரும் கிண்ணமும் கொண்டுவந்தார். டின்னைக் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். “ருக்கியே, மேம்சாப்” என்று தடுத்து, எல்லோர் முன்னிலையிலும் நானே கலக்க ஆரம்பித்தேன்.

மூன்று கரண்டி போட்டேன். ஆற்று மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இன்னும் மூன்று போட்டு வேகமாகக் கலக்கினேன். கட்டிகட்டியாக மிதந்தது.

“ஏ கியா ஹை, பாபு?” இது என்ன என்று கிண்ணத்தைக் காட்டிக் கேட்டார் அந்த அம்மாள்.

சத்து அதிகமாக இருந்தால் சீக்கிரம் கரையாது என்று இந்தியில் விளக்கினேன். (என் இந்தியில் அது எப்படி ஒலித்ததோ, ஒருவர் பின்வாங்கினார்.) சந்தேகம் தீரட்டும் என்று உலர்ந்த மாவை ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அத்தோடு நிறுத்தாமல் பேசவும் முயன்றேன். மாவு தொண்டையில் புரையேறியது. என்ன ஆயிற்று என்று தாஸ் சாஹிப் குனிந்த அதே நேரத்தில் இருமல் வெடித்தது. அவருடைய கண்ணாடி, மீசை, கறுப்புக் கோட்டு, எல்லாம் ஒரே வெள்ளை.

பையன் மட்டும் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். கண்ணில் நீர் வழிய, நான் வராந்தாப் படியில் உட்கார்ந்தேன்.

“அத அடுப்புல வச்சுக் காய்ச்சணும்ங்க” என்றாள் சரோஜா மெதுவாக.

“டின் உணவைக் காய்ச்சக் கூடாது!” அந்த இருமலிலும் சொன்னேன்.

“அது டின் உணவு இல்ல. அரிசி, பாசிப்பருப்பு, பக்கத்து வீட்டு அம்மிணி சேச்சி குடுத்த நேந்திரங்காய்ப் பொடி. டின்னுல இருந்தது தீந்து ஏழு வாரமாச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க ரெண்டு மணி நேரம் பேசுவிய. பிள்ளைக்குப் பசிக்கும்லா.”

கூட்டத்தில் தமிழ் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் இந்தியில் மொழிபெயர்த்தார். அந்த இரண்டு மணி நேரத்தைக்கூட விடவில்லை.

பெண்கள் இருவரும் சமையலறைக்குள் போனார்கள். சற்று நேரத்தில் வறுத்த பருப்பின் மணம் வந்தது. பிறகு கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம். பிறகு, இன்னும் வேண்டும் என்று பையன் போட்ட கூச்சல். நான்கு நாளில் முதன்முதலாக உரக்கக் கத்துகிறான் என்றார்கள். தாஸ் சாஹிப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாவினால் என்று அப்போது நினைத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஏழு வாரமா, பாபு?”

“ஹாங், சாப்.”

“நம் ஸ்டோரில் சிமென்ட் மூட்டைகளைச் சரிபார்த்தது யார்?”

மறுநாளிலிருந்து மூன்று நாட்கள் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துப் பார்த்தேன். அத்தனையும் சிமென்ட்தான். வாழ்க்கையில் சிமென்ட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்தப் பையன் பின்னாளில் கப்பல் அதிகாரியானான். ஒருநாள் வெள்ளைச் சீருடையில் வீடு தேடி வந்து சரோஜாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அவன் அம்மா சொல்லி வளர்த்த கதையில், நான் இருமிய வேகத்தில் டின்னோடு பதினான்கு படிகளும் உருண்டு, கீழே கட்டியிருந்த ஆட்டின்மேல் விழுகிறேன். இப்போது என் மகளும் பேரப்பிள்ளைகளும் இந்தக் கதையைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்கள்.

நான் உருளவில்லை. உட்கார்ந்தேன். அங்கே ஆடும் கிடையாது. இதற்கெல்லாம் இன்று எனக்கிருக்கும் ஒரே சாட்சி சரோஜா. அவளைக் கேட்டால், “எனக்குச் சரியா ஞாபகம் இல்லியே” என்கிறாள்.